வளர்ச்சி யாருக்கு, தண்ணீர் யாருக்கு? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனசமூக நிலையங்களிலும் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும் பொருளாதார வளர்ச்சி, சுற்றுச்சூழல், ஊர்ச் சங்கங்கள் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்கப்பட்ட பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பதில்களில் தகவலோடு அபிப்பிராயமும் உண்டு. நடுநிலை வேடம் போடவில்லை.

வளர்ச்சி வேண்டாம் எண்டோ சொல்லுறியள்?

இல்லை. எது வளர வேண்டும், எது இனி வளரத் தேவையில்லை, அதை யார் தீர்மானிப்பது என்று கேட்கிறோம். ஆஸ்பத்திரியில் கட்டில்கள் கூடட்டும். குறிகட்டுவானிலிருந்து தீவுகளுக்கு ஓடும் படகுகள் கூடட்டும். இருட்டிய பிறகும் உள்ளூர் பஸ் ஓடட்டும். இவையெல்லாம் வளர்ச்சிதான், எங்களுக்குப் போதாமல் இருக்கிற வளர்ச்சி. நிலத்தடி நீரை உறிஞ்சும் வேகம் கூடத் தேவையில்லை. லீசிங் கம்பனிகளின் கிளைகளும் இப்போதைக்குப் போதும்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி கூடினால் நாடு முன்னேறுது எண்டுதானே அர்த்தம்?

அந்தக் கணக்கை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர். 1934இல் அமெரிக்கக் காங்கிரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, நாட்டின் வருமானத்தை அளந்து அந்த நாட்டு மக்களின் நலத்தை ஊகிக்க முடியாது என்று அவர் எழுதிவைத்தார். கணக்கை உலகம் எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது.

சுன்னாகத்தில் நடந்ததைப் பாருங்கள். மின்நிலைய வளாகத்தின் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் வந்தது. வாளியைத் தூக்கினால் மேலே எண்ணெய்ப் படலம், மூக்கைத் துளைக்கும் மணம். 2014, 2015இல் சனம் வீதிக்கு இறங்கியது. 2019இல் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இதே கதையைத் தேசியக் கணக்கில் எழுதினால் என்ன வரும்? கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்த காலத்தில் அதன் பெறுமதி பூச்சியம், ஏனென்றால் யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. மின்நிலையம் விற்ற மின்சாரம் வரவு. தண்ணீர் ஏற்றி வந்த பவுசருக்கு அடித்த டீசல் வரவு. வீட்டுக்காரர் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் வரவு. வழக்கறிஞர் கட்டணமும் வரவு. நஞ்சாகிப்போன கிணற்றை மட்டும் எந்த வரியிலும் கழிக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்த வருடம் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. 2024இல் 5 வீதம் வளர்ந்தது. செய்தியில் மீட்சி என்றார்கள். அதே 2024இல் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதாக உலக வங்கி மதிப்பிட்டது. வளர்ச்சி திரும்பி வந்த அதே கதியில் சோற்றுக் கோப்பை நிரம்பவில்லை.

எல்லை, எல்லை எண்டுறியள். யாழ்ப்பாணத்துக்கு அப்பிடி என்ன தனி எல்லை?

எங்கள் எல்லை கிணற்றுக்குள் இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மேலே மண், கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணக்கல். வருடத்தில் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரைதான். அந்த மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல்நீருக்கு மேலே தங்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால்தான் அது மேலே நிற்கிறது.

நிலநீரியலில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மறுபக்கமாகவும் அது உண்மை: மேலே 1 மீற்றர் இறங்கினால் அடியிலிருந்து உவர் 40 மீற்றர் ஏறிவரும். எங்கள் கல்லில் பொந்துகள் இருப்பதால் ஊருக்கு ஊர் அளவு மாறும், போகும் திசை மாறாது. நிலாவரைக் கேணியில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். அதிசயமாகச் சொல்லித் தந்தார்கள். குடாநாடு முழுவதும் அப்படித்தான், அங்கே ஆழம் இருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆகவே சுண்ணக்கல் தோண்டுவதைச் சீமெந்துக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தோடு நின்றது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது, அதை மறக்கக் கூடாது. கல் எடுத்த கிடங்குகளும் அங்கேதான் கிடக்கின்றன. மறுபடியும் கல் அகழ்வு பற்றிப் பேச்சு வரும்போது முதலாவதாகக் கேட்க வேண்டியது வேலை எத்தனை என்பதல்ல, எவ்வளவு ஆழம் என்பது.

நல்ல தொழில்நுட்பம் வந்தால் தண்ணி மிச்சம் பிடிக்கலாம்தானே? சொட்டுநீர் இருக்கு, சோலர் பம் இருக்கு.

பிடிக்கலாம். மிச்சம் பிடித்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

துலாவால் இறைத்த காலத்தில் ஒருவர் துலாவில் நடப்பார், ஒருவர் பட்டை பிடித்துக் கவிழ்ப்பார், இன்னொருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றுவார். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏற முடிப்பார்கள். கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை மூன்று பேரின் உடம்பு தீர்மானித்தது. 1950களில் மண்ணெண்ணெய் வாட்டர் பம் பரவியபோது அந்த உழைப்பு குறைந்தது, நல்லது. ஆனால் இறைப்பு குறையவில்லை, கூடியது. தோட்டம் பெருத்தது, போகம் கூடியது. 1970களில் அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வலிகாமத்துத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. கல்வீடுகள் எழும்பின. 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது. இறைத்த தண்ணீர் திரும்பி வரவில்லை.

1865இலேயே வில்லியம் ஸ்ரான்லி ஜெவொன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் நிலக்கரியில் இதைக் கவனித்தார். இயந்திரம் சிக்கனமானதும் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. ஏனென்றால் எல்லோரும் அந்த இயந்திரத்தை வாங்கினார்கள். சோலர் பம்மில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. எண்ணெய்ச் செலவாவது ஒரு கட்டத்தில் நிறுத்தச் சொல்லும், வெயிலுக்கு யார் காசு கட்டுகிறார்கள்? சொட்டுநீருக்கு மானியம் கொடுக்கும்போதே, மிச்சப்படும் தண்ணீரில் புதுத் தோட்டம் திறப்பதில்லை என்று அந்தப் பகுதிக் கமக்காரர் அமைப்பு தனக்குள் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். குழாய் மட்டும் வந்தால் போதாது.

அப்ப நாளைக்கே இயற்கை விவசாயத்துக்கு மாறவோ?

நாளைக்கே மாறினால் என்ன ஆகும் என்பதை 2021இல் பார்த்தோம். வருடத்தின் முற்பகுதியில் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. கமக்காரரிடம் கேட்கவில்லை, மாற்று உரம் கையில் இல்லை. விளைச்சல் விழுந்து, நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்தார்கள். நல்ல நோக்கத்தைக் கெட்ட முறையில் செய்தால் அந்த நோக்கத்துக்கே பத்து வருடத்துக்குக் கெட்ட பெயர். இப்போது "இயற்கை" என்று வாயெடுத்தாலே தோட்டக்காரர் சிரிக்கிறார்.

பிரச்சினை என்னவோ உண்மையானது. செம்மண்ணில் போடும் யூரியாவின் ஒரு பங்கு பயிருக்குப் போகிறது, மிச்சம் தண்ணீரோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. தண்ணீரைக் காய்ச்சினாலும் நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளுக்கு இது முதலில் தெரிய வேண்டும்.

படிப்படியாகக் குறைக்க வழி ஊரிலேயே இருந்தது. வேலியில் பூவரசு, கிளுவை, கிளிரிசிடியா நின்றன. குழை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைத்தார்கள். வேலி போய் மதில் வந்தபோது குழையும் போயிற்று. மதிலைக் கணக்குப் பார்த்தால் சீமெந்து, கம்பி, மேசன் கூலி என்று உற்பத்திக்கு நல்ல வரவு. இழந்த குழைக்கு யூரியா மூடை வாங்குகிறோமே, அதுவும் வரவுதான்.

தாளையடியில கடல்தண்ணியைச் சுத்திகரிச்சுத் தருகினம். இனி ஏன் கவலை?

2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். குடிநீர்க் கஷ்டப்பட்ட இடங்களுக்கு அது பெரிய ஆறுதல். இதை எதிர்த்துப் பேச எங்களுக்கு மனம் இல்லை. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சிக் கமக்காரர் ஒத்துக்கொள்ளாததால்தான் கடலுக்குப் போனார்கள். அவர்கள் மறுத்ததும் நியாயம்.

ஆனால் கடல்நீரை உப்பில்லாமல் ஆக்குவது மின்சாரத்தைக் குடிக்கும் வேலை. மிஞ்சும் கடும் உப்புநீரைக் கடலிலேயே விட வேண்டும், அந்தக் கரையில் தொழில் செய்பவர்கள் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். இந்தத் தண்ணீரால் தோட்டம் செய்ய முடியாது, விலை கட்டாது. நவம்பரில் முழங்காலளவு வெள்ளத்தை வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரலில் அதே கடலிலிருந்து மின்சாரம் செலவழித்து எடுக்கிறோம். தூர்ந்த குளத்தை வாருவது மலிவு. திறப்புவிழாவுக்குத்தான் அது அவ்வளவு எடுப்பாக இராது.

ஆனையிறவுக் கடனீரேரி, முள்ளியான் கால்வாய், வடமராட்சி நீரேரி, உப்பாறு என்று இணைத்து மழைநீரைத் தேக்கும் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தைப் பொறியியலாளர் சு. ஆறுமுகம் 1950களில் முன்வைத்தார். தொண்டைமானாற்றுத் தடுப்பணை போலச் சில பகுதிகள் கட்டப்பட்டன, முழுத் திட்டம் இன்றுவரை முடியவில்லை. அதை முடிப்பது பற்றி வேட்பாளர்களிடம் கேளுங்கள். எல்லோரும் ஓம் என்பார்கள். எந்த வருடத்துப் பாதீட்டில் என்று அடுத்ததாகக் கேளுங்கள்.

குறைச்சு வாழுங்கோ எண்டுறது எங்களுக்குப் புதுசில்லை. ஜாம் போத்தல் விளக்குக்குத் திரும்பவோ சொல்லுறியள்?

இதைக் கோபத்தோடு கேட்பவர்கள் உண்டு, கோபம் நியாயம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கமாயிற்று, உரம் இல்லை, பற்றறி இல்லை, சவுக்காரத்துக்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த பிள்ளைகள் இன்றைக்கு ஐம்பது வயதை நெருங்குகிறார்கள். பெற்றோல் துளி காட்டி எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை இன்னும் நினைவில் இருக்கும். கெட்டித்தனம்தான், ஆனால் அதை யாரும் விரும்பித் தெரிவு செய்யவில்லை. துவக்கு முனையில் வந்த இல்லாமைக்கும், ஓர் ஊர் கூடிப் பேசி வைக்கும் அளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வளர்ச்சியைக் குறைக்கும் வாதம் ஐரோப்பாவில் எழுந்தது. அங்கே ஒரு வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிறது. அதை அப்படியே நெடுந்தீவுக்குக் கொண்டுவந்து இறக்குவது மடத்தனம். நெடுந்தீவில் இன்னும் நிறைய வளர வேண்டியிருக்கிறது. கொழும்பிலும் யாழ் நகரத்திலும் சிலருக்கு நிறையக் குறைய வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே சராசரிக்குள் போட்டு மறைப்பதுதான் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற அந்த ஒற்றை எண்ணின் வேலை.

அந்தக் காலத்தில ஊர் ஒற்றுமையா இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் சரிதானே?

யாருடைய ஒற்றுமை? பொதுக்கிணற்றில் அள்ள விடாமல் சிலரைக் காத்திருக்க வைத்த ஊரும் அதே ஊர்தான். யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால் குடம் நிறையும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போவதற்கு 1960களின் கடைசியில் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டத்தில் நடந்ததை மறைத்துவிட்டுக் "கிராமியக் கூட்டுவாழ்வு" என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். இன்றைக்கும் சங்க நிர்வாகத்தில் யார் கதிரையில் இருக்கிறார்கள், யார் வாசலோடு நிற்கிறார்கள், கையெழுத்து வைத்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டுத்தான் அதை ஊரின் குரல் என்று சொல்ல வேண்டும்.

சரி, பொதுச் சொத்தை ஊரே கவனிக்கும் எண்டுறது நடைமுறைக்கு வருமோ? பொதுவெண்டால் ஒருத்தரும் பாக்கமாட்டினம்.

உங்கள் வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். தோட்டக் காணி உறுதியென்றால் "கிணற்றில் பங்கு", "வழி வாய்க்கால் உரித்து" என்ற சொற்கள் அநேகமாக இருக்கும். நாலைந்து பங்காளர், ஒரு கிணறு, இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு. முறை மாறி இறைத்தால் சண்டை வரும், பேசித் தீர்ப்பார்கள், சில வேளை கோட்டுக்கும் போவார்கள். அப்படியிருந்தும் தலைமுறை தலைமுறையாக அந்தக் கிணறுகள் ஓடின. கரைவலைக்காரரிடம் பாடு இருக்கிறது: எந்தக் கரையில் யார், எந்த முறைக்கு வலை வளைப்பது என்பது எழுதியும் எழுதாமலும் தெரியும். அமெரிக்கரான எலினோர் ஒஸ்ரம், பொதுச் சொத்துகளை மக்களே விதி வைத்துக் காப்பாற்ற முடியும் என்று உலகின் பல நாடுகளிலிருந்து காட்டியதற்காக 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அவர் எடுத்துக்காட்டிய நிபந்தனைகள் எளிமையானவை: பயன்படுத்துபவர் யார் என்று எல்லை தெரிய வேண்டும், விதி வைப்பதில் அவர்களுக்குப் பங்கு வேண்டும், மீறினால் முதலில் சின்னத் தண்டனை, பிறகு பெரிது.

இந்தக் கண்ணால் கடலட்டைப் பண்ணைகளைப் பாருங்கள். அட்டை ஏற்றுமதியாகிறது, டொலர் வருகிறது, சில குடும்பங்கள் நிமிர்ந்திருக்கின்றன. ஆனால் பண்ணைக்கு வலை அடைக்கும் ஆழமற்ற கடல் வெறும் இடமல்ல. அங்கேதான் சிறகுவலை நிற்கிறது, அங்கேதான் வள்ளம் இல்லாதவர்கள் இறால், நண்டு பிடிக்கிறார்கள், மீன்குஞ்சு வளர்கிறது. பலருக்குப் பொதுவாக இருந்ததைச் சிலருக்குப் பிரித்துக் கொடுக்கும்போது உற்பத்திப் புள்ளிவிபரம் ஏறும், கரையில் சண்டையும் ஏறும். அட்டை வளர்ப்பது பிழையென்று சொல்லவில்லை. அந்தந்தக் கடற்றொழிலாளர் சங்கத்தின் பொதுக்கூட்டம் வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துச் சம்மதிக்காமல் ஒரு முளை கூட நடக் கூடாது.

இழுவை மடி பற்றியும் ஒரு சொல். அடிமடி இழுப்பதை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. தமிழ்நாட்டு றோலர்கள் தொடர்ந்து வருகின்றன. இரு கரையிலும் தமிழர் என்பதால் இதைப் பேச வெட்கப்பட்டு வெட்கப்பட்டே கடலடியை இழந்துவிட்டோம்.

காற்றாலை, சோலர் எல்லாம் பச்சைதானே. அதையும் ஏன் எதிர்க்கினம்?

காற்றாலையை யாரும் வெறுக்கவில்லை. மன்னாரில் 2025இல் சனம் வீதியில் இறங்கியது, தீவின் குறுக்கே கோபுரம் நடுவதும் இல்மனைற் மணல் எடுக்க வருவதும் அவர்களைக் கேளாமல் தீர்மானிக்கப்பட்டதால். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலை போட இருந்த அதானி நிறுவனம் விலைப் பிணக்கின் பிறகு 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அந்தப் பேரம் முழுவதிலும் யூனிற்றுக்கு எத்தனை சதம் என்று பேசினார்கள். பூநகரிச் சனத்துக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டவர் குறைவு.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக் கலப்பு மின்திட்டம் முதலில் சீனக் கம்பனிக்குப் போய், பிறகு இந்தியாவின் 1.2 கோடி டொலர் நன்கொடைக்கு மாறியது. இரண்டு வல்லரசுகள் எங்கள் மூன்று தீவுகளுக்கு மின்சாரம் தர அடிபட்டது பெருமையா, பகிடியா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எங்கள் யோசனை சின்னது: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்கள், பாடசாலைகள், சந்தைக் கூரைகள் என்று ஊருக்குச் சொந்தமான கூரைகளில் ஊர்ச் சங்கமே சோலர் போட்டு, வரும் காசில் வாய்க்கால் துப்புரவு செய்யலாம். 2025 சித்திரைப் புதுவருடத்தில் மின்பாவனை குறைந்ததால் கூரைச் சோலரை நிறுத்தச் சொல்லி மின்சார சபை கேட்டது. ஆகவே பற்றறி இல்லாமல் கூரை மட்டும் பெருகினால் போதாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இதெல்லாம் சரி. பெடியளுக்கு வேலை?

இதுதான் கஷ்டமான கேள்வி. குளம் வாருவதிலும் பனாட்டுச் செய்வதிலும் ஒரு தலைமுறைக்கு வேலை கிடைக்கும் என்று சொன்னால் பொய். கணினி படித்த பிள்ளை கனடாவுக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் இங்கே சம்பளம் வேண்டும், இரவில் ஓடும் பஸ் வேண்டும், சாதி பார்க்காத வாடகை வீடு வேண்டும்.

ஆனால் யுத்தத்துக்குப் பிறகு வந்த வளர்ச்சி என்ன வேலை தந்தது? ஏ9 வீதி திறந்தது, வங்கிகள் வந்தன, சுப்பர் மார்க்கெற் வந்தது, முச்சக்கர வண்டி லீசிங்கில் வந்தது. கடன் வேகமாக வந்தது, உற்பத்தி வரவில்லை. பெண்களைக் குழுவாக்கிக் கொடுத்த நுண்கடன் கழுத்தை நெரித்ததால் 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வாராவாரம் கடன் சேகரிக்கப் படலைக்கு வந்து நின்ற பெடியனுக்கு அது வேலைதான், ஒத்துக்கொள்கிறோம்.

கூடிய ஆட்கள் தேவைப்படும் துறைகள் இங்கே இருக்கின்றன: முதியவர் பராமரிப்பு (பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனிய), பால் பதனிடல், மீன் பதனிடல், மின்சாதனத் திருத்தம், சோலர் பொருத்தல், தண்ணீர்ப் பரிசோதனை. சம்பளம் குறைவு என்பதால்தான் பெடியள் வருவதில்லை. அந்தச் சம்பளத்தை உயர்த்துவதற்குச் செலவிடும் அரசுப் பணத்தை "நட்டம்" என்று எழுதாமல் இருந்தாலே பாதி வேலை முடியும்.

கூட்டுறவுச் சங்கம் எண்டாலே களவும் கட்சியும்தானே?

பல இடங்களில் ஆம். கடைத் தட்டில் தூசி, கணக்கில் ஓட்டை, நிர்வாகத்தில் கட்சி ஆள். இதை மூடிமறைத்துக் கூட்டுறவைப் புகழ எங்களுக்கு விருப்பமில்லை.

ஆனால் மூளாய்ச் சனம் 1930களில் கூட்டுறவாக ஓர் ஆஸ்பத்திரியே கட்டியது, அது இன்றும் இருக்கிறது. சிக்கனக் கடனுதவுச் சங்கங்கள் பத்து ரூபா, இருபது ரூபாவாகச் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவானபோது, சீவல் தொழிலாளிக்குத் தவறணைக்காரர் தயவு தேவையில்லாமல் போயிற்று. கள்ளுக்கு நிலையான விலை, சேமிப்பு என்று அந்தத் தொழிலுக்கு ஒரு நிமிர்வு வந்தது. இன்றைக்குச் சந்தையில் குட்டானில் விற்கும் பனங்கட்டியை உடைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். சீனி கலந்ததென்றால் கரைந்தபின் வெறும் இனிப்புத்தான் மிஞ்சும். நல்லதென்றால் கொஞ்சம் உவர்ப்பும் புகைமணமும் இருக்கும். சீனி கலக்காத பனங்கட்டிக்குச் சங்கம் முத்திரை குத்தி உத்தரவாதம் கொடுத்தால் லண்டனில் விலை இருக்கிறது. அதற்குப் பெரிய முதலீடு வேண்டாம், நேர்மையான கணக்கப்பிள்ளை வேண்டும்.

எது கெடுக்கிறது, எது காப்பாற்றுகிறது என்பது தெரிந்த கதை. வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒழுங்காக நடக்கும் சங்கம் பெரும்பாலும் தப்புகிறது. கணக்காய்வு அறிக்கையைச் சுவரில் ஒட்டும் சங்கம் இன்னும் நன்றாகத் தப்புகிறது. உங்கள் சங்கத்தில் கடைசியாக எப்போது ஒட்டினார்கள்?

நான் வெளிநாட்டில இருந்து கேக்கிறன். ஊருக்கு என்ன செய்யலாம்?

அண்ணை, அக்கா, முதலில் கட்டடம் கட்டாதீர்கள். பெயர்ப்பலகை வைத்த மண்டபங்கள் ஊருக்கு ஊர் பூட்டிக் கிடக்கின்றன. மின்கட்டணம் கட்ட ஆள் இல்லை. கட்டுவதற்குக் காசு தருபவர் ஆயிரம் பேர், பராமரிக்கத் தருபவரைக் காண்பது அரிது. குளம் வாரியதற்குப் பிறகு வருடாவருடம் சல்வீனியா என்ற நீர்க்களையை அள்ளுவதற்கும், ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கருவிக்கும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையின் சம்பளத்துக்கும் ஐந்து வருடம் பொறுப்பெடுங்கள். நன்கொடையாக அல்லாமல் சங்கத்துக்குச் சுழற்சிக் கடனாகக் கொடுத்தால், கணக்குக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கும். ஊரில் இல்லாதவர் ஊரின் தீர்மானத்தை எடுக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறோம்.

படையினர் பிடிச்சு வைச்சிருக்கிற காணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே?

வலிகாமம் வடக்கின் நல்ல செம்மண் தோட்டங்களில் ஒரு பகுதி இன்னும் விடப்படவில்லை. காணியும் கிணறும் உரிமையாளரின் கைக்கு வராத இடத்தில் நிலைபேறான எதிர்காலம் என்று திட்டம் எழுதுவது கடதாசிக்குக் கேடு.

சிரமதானம் செய்தால் போதாதோ?

போதாது. படம் எடுத்து முடிந்த மறுவாரம் கல்லுண்டாய்க் குப்பை மேட்டில் குப்பை எரியும். ஒருநாள் கூட்டுவதைவிட, குப்பையை எங்கே, எப்படிப் பிரிப்பது என்று சபையை எழுத்தில் ஒத்துக்கொள்ள வைப்பது கடினமான வேலை, பிரயோசனமான வேலையும் அதுதான்.

சபையிட்ட என்னெண்டு கேக்கிறது? போனால் நாளைக்கு வா எண்டுவினம்.

எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை, திணைக்களம் எதனிடமும் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா மறுக்கிறோமா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

"குடிநீர் எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: எங்கள் வட்டாரத்தில் கடந்த 3 வருடங்களில் எந்தெந்தக் கிணறுகளின் நீர் பரிசோதிக்கப்பட்டது, ஒவ்வொன்றிலும் நைத்திரேற்று அளவு என்ன, அறிக்கைகளின் பிரதி வேண்டும். சபை எல்லைக்குள் எத்தனை குழாய்க்கிணறுகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது, யாருடைய பரிந்துரையில்? வெள்ளவாய்க்கால் மேல் கட்டப்பட்ட எத்தனை மதில்களுக்குக் கட்டட அனுமதி கொடுக்கப்பட்டது? குளங்களின் பெயர்ப்பட்டியலும் ஒவ்வொன்றின் அளந்த பரப்பும் சபையிடம் உண்டா? இந்த வருடப் பாதீட்டில் வாய்க்கால் துப்புரவுக்கு ஒதுக்கியது எவ்வளவு, இதுவரை செலவழித்தது எவ்வளவு? 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து சபைகளில் மறுபடியும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பதில் கிடைத்ததும் உங்கள் வட்டார உறுப்பினரையும் சனசமூக நிலையத்துக்கு அழைத்து, அவர் முன்னாலேயே வாசியுங்கள்.